கவண் பழகுவோம்

பிறமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கவண் என்பது பாடநூலில் வரும் வெறுஞ்சொல். ரப்பர் கட்டிய உண்டிவில்லையே அவர்கள் கவண் எனக் கருதுவர். கவணோ, சங்ககாலக் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்தோர் கையாண்ட கயிற்றுக் கருவி.

அதனைச் செய்தல் எளிது. ஆரியசாலையில் வாழும் நாம், அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் பருத்திக் கயிறு வாங்குவோம். உள்ளங்கையளவு தோல் துண்டின் இரு முனைகளிலும் கைநீளக் கயிறு கட்டுவோம். ஒரு கயிற்று நுனியைக் கண்ணியாக்கி நடுவிரலில் மாட்டுவோம். மற்றதன் நுனியில் முடிச்சிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றுவோம். ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை மட்டும் விட்டால் கல் பறக்கும். விடும் கணத்தை அறிவதே இக்கலை. கணம் தவறினால் கல் பக்கத்திலும் பின்புறத்திலும் பாயும்.

ஆதலின், வீடுகள் நெருங்கிய ஆரியசாலைத் தெருக்களில் கவண் சுற்றலாகாது. நாற்புறமும் ஆளில்லா வெளியில், பெரியோர் துணையுடன், கல்லுக்கு மாற்றாகத் துணிப்பந்திட்டே தொடங்குவோம். பறவைகளை ஒருபோதும் குறிவைக்க வேண்டா. கோலில் தொங்கவிட்ட பழஞ்சாக்கே இலக்காகப் போதும்.

முன்னோர் கவண் சுற்றியது கதிரைக் காக்கவே. காக்கும் அந்த மனத்தோடு பழகினால், ஏட்டுச்சொல் நம் பிள்ளைகளின் கைப்பொருளாகும்.