மாத்திரையை நடுவில் விடாதீர்கள்

(பிள்ளைப்பாக்கத்தில் தாய்மார்கள், தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)



காசநோய்க்கு மருந்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மருந்தைத் தாங்கி முடிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்த ஏழைகளுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவுதான். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்துக்கே வழிகாட்டியது. குணப்படுத்துவது மாத்திரைதான், அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

முதலில் பரிசோதனை. விடியற்காலையில் வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமிச் சளி எடுங்கள். வெறும் எச்சில் உதவாது. "ரத்தம் எடுத்தா உடம்பு பலம் போயிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். எடுப்பது கொஞ்சம்தான், பயம் வேண்டாம்.

மாத்திரை தொடங்கியதும், "ஐயோ, மூத்திரம் செவப்பா போகுதே!" என்று பதறுவார்கள். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். வேர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாகும். கெடுதல் இல்லை. குமட்டினால் கொஞ்சம் ஆகாரத்தோடு சாப்பிடலாமா, படுக்கும் முன் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கைகால் மதமதப்பு, எரிச்சல், மூட்டுவலி இருந்தாலும் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

ஆனால் கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி எடுத்தால், பார்வை மங்கினால், சிவப்பு பச்சை நிறம் பிரித்துத் தெரியாவிட்டால், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், அடுத்த வேளை மாத்திரை போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். சாராயம் அறவே கூடாது; ஈரல் கெடும்.

தாய்மார்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். அந்தக் காலத்தில் நிரோத் அல்லது காப்பர்-டி பற்றி நர்ஸம்மாவிடம் கேளுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாயை மூடிக்கொண்டு பால் கொடுங்கள்.

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை கூடும். "நல்லாத்தானே இருக்கேன், ஓவர்டைம் பாக்கணும்" என்று மாத்திரையை விட்டுவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து! மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். அப்போது வேறு மருந்துகள் வேண்டும். அவற்றின் தொல்லையும் அதிகம். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதே கிருமிதான் தொற்றும்.

ஷிப்டு மாறினாலும், சொந்த ஊருக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்; அங்கேயே மருந்து கிடைக்க ஏற்பாடு உண்டு. சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் தரும் திட்டமும் உண்டு. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

தொல்லை வந்தால் மறைக்காதீர்கள், சொல்லுங்கள். மருந்தை நீங்களாக முடித்துவிடாதீர்கள், டாக்டர் முடிக்கட்டும்.

முழு மருந்து, முழுக் குணம்.