அறுந்தால் எங்கே பாயும்?

(சிறு டிராக்டரைக் கொண்டு மரமும் வண்டியும் இழுப்போருக்காக ஜெலாப்பாங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேசையின் மீது மூன்று பொருள்களை வைத்திருக்கின்றோம். ஒன்று இரும்புச் சங்கிலி, மற்றொன்று கம்பிவடம், மூன்றாவது நீல நிற நைலான் கயிறு. கூட்டம் தொடங்குமுன் இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்த நண்பர்களிடம், "இவற்றுள் எது உறுதியானது?" என்று கேட்டோம். பெரும்பாலோர் சங்கிலியைச் சுட்டினர். கேள்வியே தவறு என்பதை எடுத்துரைக்கத்தான் இங்கு வந்திருக்கின்றோம். எது அறாது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அறுந்தால் அது எங்கே பாயும், அப்பொழுது அங்கே யார் நிற்பார் என்றும் கேட்க வேண்டும்.

ஜெலாப்பாங்கைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் இன்று வீடுகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. எனினும், இன்னமும் பால்மரத்தை நம்பி வாழும் நீங்கள், காற்றில் சாய்ந்த மரத்தையும் மறுநடவுக்காக வெட்டிய மரத்தையும் அப்புறப்படுத்தச் சிறு டிராக்டரையே நாடுகின்றீர்கள். ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சை ரப்பர் மரத்துண்டு ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளது. அது சமதரையில் இழுபடும் வரையில் தொல்லையில்லை. ஒரு வேரிலோ அடிக்கட்டையிலோ சிக்கிக்கொண்டதும் கணக்கே மாறிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு தோட்டத்தில் நாம் கண்ணாரக் கண்ட நிகழ்ச்சி இது. மரத்துண்டு அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் டிராக்டரைச் சற்றுப் பின்னே கொண்டுவந்து, கயிற்றைத் தொய்யவிட்டு, பின்பு வேகமாக முன்னே பாய்ந்தார். நைலான் கயிறு அறவில்லை. ஆனால், அதன் நுனியில் கட்டியிருந்த இரும்புக் கொக்கி வாய் விரிந்து, மரத்திலிருந்து நழுவி, கயிற்றோடு பறந்து வந்து எஞ்சின் மூடியைத் துளைத்தது. அந்நொடியில் ஓட்டுநர் இடப்பக்கச் சக்கரத்தைப் பார்ப்பதற்காகக் குனிந்திருந்தார், ஆகவே பிழைத்தார். பிறகு எல்லாரும் அவருடைய அவசரத்தைப் பழித்தனர். அக்கயிற்றை அவர் கையில் கொடுத்தது யார், அக்கொக்கியை அதில் கட்டியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் குறை நம் மனத்தில் இன்றும் இருக்கின்றது.

நைலான் கயிறு வில்லின் நாணைப் போன்றது. அறுவதற்குமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நீளக்கூடியது. நீளும்போதெல்லாம் ஆற்றலைத் தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்கின்றது. விடுபட்டதும் அவ்வளவையும் ஒரே கணத்தில் திருப்பித் தருகின்றது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் தைவானின் தலைநகரான தைப்பேயில் 1,600க்கு மேற்பட்டோர் கலந்துகொண்ட கயிறு இழுக்கும் போட்டியில் நைலான் கயிறு அறுந்து, மீண்ட வேகத்தில் இருவருடைய இடக்கைகள் துண்டாயின. அங்கே எஞ்சின் எதுவும் இல்லை. மனிதர் கைகளால் இழுத்தமையே அதற்குப் போதுமானதாயிற்று. கைகளை அறுவை மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள் என்பது ஆறுதலான செய்தி.

ஆகையால் நைலானே ஆகாது என்று தள்ளிவிடலாமா? கூடாது. சேற்றில் புதைந்த வண்டியை மெல்ல வெளியே எடுப்பதற்கு, நீளும் தன்மையே உதவியாகின்றது. குலுக்கலை அது தாங்கிக்கொள்ளும். ஆனால், அதன் நுனியில் இரும்புக் கொக்கி இருத்தலாகாது. தொழிற்சாலையில் பின்னப்பெற்ற கண்ணோடு கூடிய கயிறாகவோ பட்டையாகவோ வாங்கி, அக்கண்ணை வண்டியின் உறுதியான இழுப்பு வளையத்தில் நேரே மாட்டவேண்டும். முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். நனைந்த நைலான் மேலும் பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கும். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பலின் கயிறோ, வெயிலில் கிடந்தால் பொடிந்து போவது. அதை ஆட்டுக்குட்டி கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். சங்கிலி நீள்வதில்லை, ஆதலால் ஆற்றலைச் சேர்த்து வைப்பதும் குறைவு. மரத்தைச் சுற்றிக் கட்டுவதற்கும், கல்லிலும் மண்ணிலும் உரசிக்கொண்டு இழுபடுவதற்கும் அதைப் போன்றது வேறில்லை. ஆனால், நீளாமையே அதன் பலவீனமும் ஆகும். 1,200 கிலோ எடையுள்ள சிறு டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது மனிதன் நடக்கும் வேகத்தில், தொய்ந்த சங்கிலியை வெட்டி இழுப்பதாகக் கொள்வோம். அது 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால் சங்கிலியின் மீது விழும் இழுப்பு சராசரியாகவே 2 டன்னுக்கு மேல். உச்சக்கட்டத்தில் அதனினும் இரு மடங்காகலாம். அதே டிராக்டர் நிதானமாக இழுக்கும்போது, சக்கரம் வழுக்கத் தொடங்குமுன் ஒரு டன்கூட இழுப்பது அரிது. ஆகவே, வெட்டி இழுப்பவர் தம் டிராக்டரின் வலிமைக்கு மேற்பட்ட சுமையைத் தம் சங்கிலியின் மேல் தாமே ஏற்றுகின்றார்.

தேர்வடம் பிடித்தவர்கள் நம்மில் பலர் இருக்கின்றோம். முதலில் வடத்தின் தொய்வை நீக்கி, எல்லாக் கைகளும் பற்றிய பிறகுதானே தேரை நகர்த்துகின்றோம்? எவரும் ஓடிவந்து வெட்டி இழுப்பதில்லை. டிராக்டருக்கும் அம்முறையே ஏற்றது. தாழ்ந்த கியரில், தொய்வு நீங்கும் வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பிறகே பளுவை ஏற்ற வேண்டும்.

சங்கிலியை அதன் தடிப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. தரம் 80 என்னும் உயர்வகை எஃகுச் சங்கிலியில், கண்ணிகளின் மேல் 8 என்றோ 80 என்றோ இடையிடையே பொறித்திருப்பார்கள். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள அவ்வகைச் சங்கிலிக்கு அனுமதிக்கப்பெற்ற பணிப்பளு 2 டன். 10 மில்லிமீட்டருக்கு 3.15 டன். முறியும் பளு அதைப்போல் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு, எதிர்பாராத குலுக்கலுக்காகவும் தேய்மானத்துக்காகவும் வைக்கப்பெற்ற இடைவெளியாகும். நாம் எடுத்துச் செலவழிப்பதற்கு அன்று. பொறிப்பு எதுவுமில்லாத சங்கிலியை, அது வாயிற்கதவைப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்றே கொள்ளுங்கள். நீண்டுபோன கண்ணி, பத்தில் ஒரு பங்கு தேய்ந்த கண்ணி, வளைந்த கண்ணி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுச் சங்கிலியும் கழிவே. நட்டும் போல்ட்டும் கொண்டு கண்ணியை ஒட்டவைப்பதும், சங்கிலியில் முடிச்சுப் போடுவதும், சேக்கலின் திருகாணிக்குப் பதிலாகச் சாதாரண ஆணியைச் செருகுவதும் நாம் அடிக்கடி காணும் தவறுகள்.

மூன்றாவது கம்பிவடம். இது பிறந்த கதை சுவையானது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதிச் சுரங்கங்களில் தாது தூக்கிய சங்கிலிகள் ஒரே ஒரு கண்ணி உடைந்தாலும் முழுவதும் அறுந்து விழுந்தன. 1834ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் சுரங்க அதிகாரி, இரும்புக் கம்பிகளைக் கயிறு போல முறுக்கிப் பார்த்தார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கின. அதோடு, அறுந்த கம்பி வெளியே துருத்திக்கொண்டு முன்கூட்டியே எச்சரிக்கையும் செய்தது. நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களில் இவ்வடத்தின் வேலையை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பெற்று 1982 வரை வேலை செய்த ஐந்தாம் எண் ஈயக் கப்பல், கரையில் நங்கூரமிட்ட கம்பிவடங்களைச் சுருட்டியும் தளர்த்தியுமே தன் குளத்தில் நகர்ந்தது.

ஆயினும் கம்பிவடம் பேசுவதைக் கேட்கத் தெரிய வேண்டும். கையுறை அணிந்து, பழந்துணியை வடத்தின் மேல் சுற்றி நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை துணியைப் பற்றும். ஒரு புரி வடத்தை ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் பத்து இழைகள் அறுந்திருந்தாலும், ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலும் அவ்வடத்தைக் கழிக்க வேண்டும். ஒருமுறை முறுக்கிக்கொண்டு கொக்கிபோல் மடங்கிய வடம், நேராக்கிய பின்னும் பழைய வலிமையைப் பெறாது. நுனியில் கண் செய்யக் கிளிப் போடுவோர், அதன் அடிக்கட்டை பளு தாங்கும் நீண்ட பகுதியின் மேலும், வளைந்த ஆணி மடித்துவிட்ட குட்டை நுனியின் மேலும் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 12 மில்லிமீட்டர் வடத்துக்கு மூன்று கிளிப்புகளுக்குக் குறையலாகாது. முதல் இழுப்பு முடிந்ததும் அவற்றை மறுபடியும் முடுக்க வேண்டும்.

இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். உங்களுடைய கயிறுகள் காட்டில் கெடுவதைக் காட்டிலும் ஸ்டோரில் கெடுவதே மிகுதி. பால் உறையவிடப் பயன்படும் பார்மிக் அமிலம், கலக்காத நிலையில், நைலானைக் கரைத்துவிடக்கூடியது. பாலைக் கெடாமல் காக்கும் அம்மோனியாவோ பாலியெஸ்டர் கயிற்றுக்குப் பகை. தரம் 80 சங்கிலியும் அமிலம் பட்டால் உள்ளுக்குள் நொய்ந்து, கண்ணுக்கு எந்தக் குறையும் தோன்றாமலே வெடிக்கக்கூடும். ஆகவே, அமிலக் கலன்கள் இருக்கும் அறையில், அவற்றின் மேலேயோ அருகிலேயோ கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள். வேறு இடத்தில், வெயில் படாமல், தரையைத் தொடாமல் ஆணியில் மாட்டி வையுங்கள். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாமும் இதைப் பள்ளி ஆய்வுக்கூடப் பாடமாக மட்டுமே எண்ணியிருந்தோம். ஒரு ஸ்டோர் அறையின் அலமாரியைக் கண்ட பிறகே இதன் பொருள் விளங்கிற்று.

எதைக் கொண்டு இழுத்தாலும், எங்கே மாட்டுகின்றோம் என்பது உயிர் நிலைக் கேள்வி. பின்புறத் தாழ்வான இழுப்புச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அச்சின் மேலோ, இருக்கையின் அடியிலோ, மேல் இணைப்பிலோ மாட்டினால், அடிக்கட்டை அசைய மறுக்கும்போது முன்சக்கரங்கள் எழுந்து டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். முன்சக்கரம் எழத் தொடங்கியபின் ஓட்டுநர் தடுக்கக்கூடிய காலம் ஒரு நொடிக்கும் குறைவு. சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமென்று விதித்தது. அதன் பின் அங்கே கவிழ்ந்து மாண்டோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. அக்காப்புச் சட்டம் உள்ள டிராக்டரில் இருக்கை வாரையும் கட்டிக்கொள்ள வேண்டும். ரப்பர் மரத்தின் ஆணிவேர் ஆழமானது. அடிக்கட்டையைச் சிறு டிராக்டரால் பிடுங்க முயல்வதை நாம் அறவே தடுக்கின்றோம்.

"துரை கொடுத்த கயிறு இதுதான், என்ன செய்வது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் தரும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கின்றது. 2024 ஜூன் முதல் நாள் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிடில் அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ள உரிமை பெற்றிருக்கின்றார். அதனால் அவருக்குத் தீங்கு நேராதவாறு சட்டம் காக்கின்றது. ஆனால், "கயிறு சரியில்லை" என்று பொதுவாக முறையிடுவதைவிட, "இவ்வடத்தில் இவ்விடத்தில் இத்தனை இழைகள் அறுந்துள்ளன" என்று எண்ணிக் காட்டுங்கள். மண்டோரும் மறுத்துப் பேச இயலாது. அதே சட்டம் தம்மையும் பிறரையும் காக்கும் கடமையைத் தொழிலாளியின் மேலும் வைத்துள்ளது என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இழுக்கும்போது நிற்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. கயிற்றின் நீளம் எவ்வளவோ, அதனினும் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நில்லுங்கள். கயிற்றின் நேர்கோட்டில் எந்தப் பக்கமும் நிற்கலாகாது. இறுகிய கயிற்றைத் தாண்டியும் செல்லலாகாது. கம்பிவடமானால், நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள்; அறுந்தால் துள்ளலைச் சற்றே அடக்கும். சைகை கொடுப்பவர் ஒருவரே இருக்கட்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். முதலில் அவர்களை அனுப்பிவிட்டே எஞ்சினை இயக்குங்கள்.

கழித்த கயிற்றை ஸ்டோரின் மூலையில் போட்டு வைக்காதீர்கள். அவசர நாளில் யாரேனும் ஒருவர் அதை எடுத்துவிடுவார். அன்று நாம் கண்ட அந்த நைலான் கயிறும், விசாரித்துப் பார்த்ததில், முந்திய ஆண்டே கழித்ததுதானாம். வெட்டுக்கத்தியை எடுத்து, ஒரு முழத்துக்கும் குறைந்த துண்டுகளாக வெட்டிவிடுங்கள். சங்கிலியானால், பட்டறையில் கொடுத்து அறுத்துவிடச் சொல்லுங்கள்.

இனி, இம்மேசையைச் சுற்றி வந்து, இக்கம்பிவடத்தில் அறுந்த இழைகள் எங்குள்ளன என்று நீங்களே கண்டுபிடியுங்கள். கையுறைகள் இங்கே இருக்கின்றன.