நகமும் கழுத்தும் நாக்கும்

எட்டு, பத்து வயதுப் பையன் ஒருவன். கைநகங்கள் மெலிந்து, கோடு கோடாகப் பிளந்திருக்கின்றன. கழுத்தில் வலை விரித்தாற்போல் கருமை. புகையிலை, பாக்கு எதையும் தொடாத அவன் நாக்கில், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம். நகத்துக்கு ஒரு மருந்து, கழுத்துக்கு ஒரு களிம்பு, வாய்க்கு வைட்டமின் மாத்திரை என்றே வருடங்கள் ஓடிவிடும். மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் மருத்துவர் கிடைப்பது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா என்பது இந்தப் பரம்பரை நோயின் பெயர். பத்து லட்சத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. நம் குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியத் தேயும். தேய்ந்ததை நீட்டித் தருவது டெலோமரேஸ் என்ற நொதி. அந்த வேலைக்கான மரபணு ஏதேனும் பழுதானால், ஓயாமல் பிரியும் செல்கள் முதலில் ஓய்ந்துபோகும். நகம், தோல், பிறகு எலும்பு மஜ்ஜை.

மஜ்ஜை ஓய்ந்தால் ரத்தம் ஊறாது. அதைச் சாதாரண ஏப்லாஸ்டிக் அனீமியா என்று எண்ணி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. நோய்த்தொற்று வேறு வந்து சேரும். டனசோல் மாத்திரை பலருக்கு ரத்த அணுக்களை உயர்த்துகிறது; ஆனால் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மஜ்ஜையைச் சரிசெய்ய ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை உண்டு. ஆனால் அதற்கு முன் கொடுக்கும் மருந்துகளை வழக்கமான வீரியத்தில் கொடுத்தால் நுரையீரலும் கல்லீரலும் தாங்காது.

மாற்று சிகிச்சைக்கு அண்ணன் மஜ்ஜை தம்பிக்குப் பொருந்துகிறது என்றதும் வீடே நிம்மதியடையும். ஆனால் அதே மரபணுப் பழுது அண்ணனிடமும் ஒளிந்திருக்கலாம். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அவருடைய டெலோமியர் நீளத்தையும் மரபணுவையும் பரிசோதிக்காமல் மஜ்ஜையை எடுக்கவே கூடாது. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

மாற்று சிகிச்சை மஜ்ஜையை மீட்கும்; வாயையும் நுரையீரலையும் அல்ல. வாய்ப்புற்று வரும் அபாயம் ஆயுள் முழுக்க உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் வாயைப் பார்க்க வேண்டும். புகையிலை கூடவே கூடாது.

தாத்தாவுக்கு நுரையீரல் தழும்பேறியிருந்ததா, அத்தைக்குக் குடிப்பழக்கம் இல்லாமலே கல்லீரல் சுருங்கியதா, அப்பாவுக்கு இருபதிலேயே நரைத்ததா? இவையும் இதே பரம்பரைப் பழுதின் அடையாளங்களாக இருக்கலாம்; மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.