பொம்மை பேசட்டும்
(விழாக் கூட்டத்தில் பங்கு இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



"விழாவுக்குப் பொம்மையாட்டமா?" என்று பெரியோர் சிலர் எங்களைக் கேட்டார்கள். கேட்டது நியாயமே.

1963இல் பீட்டர் ஷூமான் என்ற சிற்பி, ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், நியூயார்க்கில் 'பிரெட் அண்டு பப்பெட்' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். காகிதக் கூழில் செய்த, ஆளுயரத்தை மிஞ்சிய பொம்மைகள் தெருவில் ஊர்வலம் வந்து வியட்நாம் போரைக் கண்டித்தன. ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குத் தாமே சுட்ட ரொட்டியைக் கொடுப்பார்கள். கலையும் ரொட்டியைப்போல் எல்லாருக்கும் வேண்டியது என்பது அவர் எண்ணம். ரொட்டியைப் பகிர்வதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டுமா?

அத்தனை தூரம் ஏன்? காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002இல் குருகுலம் தொடங்கி, ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளையும் ஆடவைத்தார்கள்.

இங்கிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி வண்டியில் போய்வரும் நம் பிள்ளைகளில் பலர் ஒப்பந்தக் கூலிகள். எங்களில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது. வெளியே சொன்னால் வேலை போகும் என்றார்கள். பெயரைக் கேட்காதீர்கள். அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அவன் செய்த பொம்மை பேசுகிறது. முகமூடிக்குள் இருப்பவர் யாரென்று காண்டிராக்டருக்குத் தெரியாது.

செலவு பெரிதில்லை. பழைய செய்தித்தாள், மைதாப் பசை, சாயம். களிமண் அச்சின்மேல் ஐந்தாறு படை ஒட்டி வெயிலில் காயவைத்தோம். மூக்குதான் சரியாக வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலைத் திருப்பலிக்குப் பின் கெபி முன்பாக ஆட்டம். கால்மணி நேரந்தான். ரொட்டிக்குப் பதிலாகச் சுண்டல் தருவோம். பெற்றோர்கள் முன்வரிசையில் அமர வேண்டுகிறோம். பொம்மை கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.