தேர் முந்தியதா, கை பிந்தியதா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைக் காணச் செல்வோர் வடம் பிடிக்கும் பெருங்கூட்டத்தைப் பார்ப்பார்கள்; சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்போரைக் கவனிப்பவர் சிலரே. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கட்டை ஒரு கணம் முந்தினால் இழுப்போர் உழைப்பு வீண். பிந்தினால் நேர்வதைச் சொல்ல வேண்டுவதில்லை.

என் தாய்மாமன் இளமை முதல் அப்பணி செய்தவர். அறுபது கடந்தபின் ஓராண்டு அவர் விரல் நசுங்காமல் தப்பியதே பெரும்பேறு. "நான் வைத்த நேரம் சரிதான், மருமகனே! தேர்தான் முந்திவிட்டது" என்றார். அன்று அதனை வீம்பென்றே எண்ணினேன். இன்று எனக்கே எழுபது. இராஜபாளையத்தில் சாலையைக் கடக்கையில், காலை எடுத்து வைத்துவிட்டதாக நினைக்கிறேன். குனிந்து பார்த்தால் கால் ஓரத்திலேயே நிற்கிறது!

2002ஆம் ஆண்டில் லண்டனில் பாட்ரிக் ஹாகார்டு என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர. ஒருவர் தாம் விரும்பிய கணத்தில் ஒரு விசையை அழுத்துவார். கால் விநாடி கழித்து ஓர் ஒலி எழும். சுழலும் கடிகார முள்ளைப் பார்த்து இரண்டும் நிகழ்ந்த நேரத்தைக் கூற வேண்டும். அழுத்தியது சற்றுப் பிந்தியதாகவும், ஒலி சற்று முந்தியதாகவும் அவர்களுக்குத் தோன்றிற்று. காந்தத் தூண்டலால் விரல் தானே துடித்தபோதோ, அந்த நெருக்கம் தோன்றவில்லை. இடைவெளி விரிந்தே தெரிந்தது. தான் செய்த செயலையும் அதன் பயனையும் மனம் அருகருகே இழுத்து முடிச்சிடுகிறது போலும்.

முதுமையில் இம்முடிச்சு இறுகுமா, தளருமா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஆயினும் மறுமொழி தாமதிப்பதும், அடுத்தடுத்து நிகழும் இரண்டில் எது முந்தியது என்று அறிய நீண்ட இடைவெளி வேண்டியிருப்பதும் உறுதிப்பட்டவை. மாமன் தம் மனம் கட்டளையிட்ட கணத்தையே கை வைத்த கணமாகக் கொண்டார் என்பது என் எண்ணம்.

மறு ஆண்டு அவர் கட்டையைத் தொடவில்லை. ஒதுங்கி நின்று, "வை!" என்று குரல் மட்டும் கொடுத்தார். அக்குரல் எழுமுன்னரே இளைஞர்கள் கட்டையை வைத்துவிட்டிருந்தனர். தம் சொற்படியே வைத்தார்கள் என்று, இராஜபாளையம் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அவர் மகிழ்ந்து கொண்டே வந்தார்.