இங்கிலீஷ் பரீட்சையும் நம் வாலிபர்களும்

(சடையங்குப்பத்தில் பாங்கு, சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளுக்குப் படிக்கும் வாலிபர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னை இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றியும், ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்கிறார்களே, அதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இது பள்ளிக்கூட வாத்தியார் சங்கதியல்லவா, இதற்கு ஒரு கூட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உத்தியோகம் யார் வீட்டுக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கிற காரியம் எதுவாயிருந்தாலும் அது கூட்டம் போட்டுப் பேச வேண்டிய காரியம்தான் என்பது என் அபிப்பிராயம்.

மணலியில் எண்ணெய் சுத்திகரிப்புக் கம்பெனி 1965-ல் ஏற்பட்டது. உரக் கம்பெனி அதற்கு அடுத்த வருஷம். அவைகளுடைய புகை நம் மூக்கில் ஏறுவதற்கு நாம் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வருவதற்கும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. 2011-ல் இந்த ஊரைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்து நம்மைப் பட்டணத்துக்காரர்கள் ஆக்கியதற்கும் யாரும் நம்மைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒரு பாங்கிலே குமாஸ்தா நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் மட்டும் முதல் படியிலேயே 100 கேள்வி. அதில் 30 இங்கிலீஷ். அதற்கு நேரம் 20 நிமிஷம். மத்திய சர்க்கார் குமாஸ்தா பரீட்சையிலோ 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க்கு, தப்பினால் அரை மார்க்கு வெட்டு.

கணக்கு வருகிறது, மற்றதும் வருகிறது, இங்கிலீஷில்தான் போய்விடுகிறது என்று இங்கு பலர் சொன்னீர்கள். 2021 செப்டம்பரில் பொதுத்துறைப் பாங்குகளின் குமாஸ்தா பரீட்சையை 13 பிராந்திய பாஷைகளிலும் நடத்த வேண்டும் என்று மத்திய நிதி இலாகா சொல்லி, தமிழும் அதில் சேர்ந்தது. அதற்கு முன் இங்கிலீஷ் அல்லது இந்திதான். சந்தோஷப்பட வேண்டிய விஷயமே. ஆனால் கணக்குக் கேள்வி தமிழில் வரலாமே ஒழிய, இங்கிலீஷ் பகுதி இங்கிலீஷில்தானே வரும்? அந்த 30 கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நம் மாகாணத் தேர்வாணையம் 2021 டிசம்பர் உத்தரவுக்குப் பின் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கிவிட்டது. ரயில்வேயில் என்.டி.பி.சி. பரீட்சைக்கு இங்கிலீஷ் பகுதியே கிடையாது. அவைகளையும் எழுதுங்கள். ஆனால் ஒரு கதவு பூட்டியிருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கமே போகாமலிருந்தால், யாருக்கு லாபம்?

பரீட்சையே வேண்டாம் என்பாரும் உண்டு. சிபாரிசும் சொந்தக்காரர் தயவுமே உத்தியோகம் கொடுத்த காலத்தை அவர்கள் யோசிக்க வேண்டும். இந்தியாவிலேயே முதல் மாகாண சர்வீஸ் கமிஷன் 1929-ல் இந்தச் சென்னையில்தான் ஏற்பட்டது. கோணல் உள்ள ஏணியானாலும் ஏணி ஏணிதான். தயவு என்பது மேலே இருப்பவன் இழுத்துக்கொள்ளும் கயிறு.

நிற்க, இங்கிலீஷ் வருவது பிறவியைப் பொறுத்தது, அதற்கென்று சில குடும்பங்கள் உண்டு என்று ஒரு பேச்சு நம்மவர்கள் மனதிலே ஊறிக் கிடக்கிறது. இது நிஜமானால் கணித மேதை ராமானுஜன் தவறியிருக்கக் கூடாது. அவர் பிறந்தது நீங்கள் நினைக்கிற அந்தக் குடும்பத்தில்தான். கும்பகோணம் சர்க்கார் காலேஜில் இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தவறி, 1905-ல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு 1912 மார்ச் முதல் தேதி, இதோ நமக்குத் தெற்கே உள்ள சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஆறு வருஷத்தில் லண்டன் ராயல் சொஸைட்டியில் அங்கத்தினரானார். அவர் மூளையிலே குறை என்று யாராவது சொல்ல முடியுமா? அந்தத் தாள் எதை அளந்ததோ அதிலே அவர் அப்போது பழகியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் வில்லியம் காபெட் என்று ஒருவர். குடியானவன் மகன், ஏர் ஓட்டிய பையன். பட்டாளத்தில் சாதாரண சிப்பாயாக நாளைக்கு ஆறு பென்ஸ் சம்பளத்தில் இருந்தபோது, தம்முடைய தாய்ப் பாஷையின் இலக்கணத்தையே அவர் புஸ்தகம் வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது. படுக்கை விளிம்புதான் நாற்காலி, முதுகுப் பைதான் புஸ்தக அலமாரி, விளக்குக்குக் காசு இல்லாதபோது அடுப்பு வெளிச்சம். இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் இலக்கணம் தாய் வயிற்றிலிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழைத் தொழிலாளர் மனுக்களை “பாஷை நயமாக இல்லை” என்று காரணம் சொல்லிப் பார்லிமெண்டு தள்ளிய காலம் அது. அவர் பின்னால் தாமே ஓர் இலக்கணம் எழுதி, அது சிப்பாய்களுக்கும், மாலுமிகளுக்கும், ஏர் ஓட்டும் பையன்களுக்கும் என்று அட்டையிலேயே போட்டார். அது 1818-ல் வெளிவந்தது.

அவர் சிப்பாயாக நெட்டுருப் போட்ட புஸ்தகம் லௌத் என்ற பாதிரியாருடையது, 1762-ல் வந்தது. அக்காலத்து இலக்கணக்காரர்களுக்கு லத்தீன்தான் தேவபாஷை. லத்தீனில் இல்லாதது இங்கிலீஷிலும் கூடாது என்று சில விதிகளைக் கட்டிவிட்டார்கள். நம் நாட்டில் மட்டும்தான் இந்த வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஆகவே இலக்கண விதி வேதமல்ல. அநேகம் வெறும் வழக்கம். ‘புட்’ என்பதற்கும் ‘பட்’ என்பதற்கும் நடு எழுத்து ஒன்றே. ஏன் இரண்டு சப்தம் என்று கேட்டால் அவர்களிடமும் பழைய கதைதான் உண்டு, நியாயம் கிடையாது.

நம்மில் ஒருவர் “அவன் வந்தாள்” என்றால் நாலு வயதுக் குழந்தை சிரிக்கும். அது நன்னூல் படித்துவிட்டா சிரிக்கிறது? காது பழகியிருக்கிறது. இங்கிலீஷுக்கும் காதும் கண்ணும் பழக வேண்டும். அதற்குத் தினம் ஒரு பக்கம், பத்திரிகையோ கதையோ, வாய்விட்டுப் படிப்பதைவிடக் குறைந்த செலவுள்ள வழி எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் விதியை மனப்பாடம் செய்து ஒரு பக்கம்கூடப் படிக்காதவன், நீந்தும் முறையைக் கரையில் உட்கார்ந்து பாராயணம் செய்கிறவன்தான்.

ஆனால் நாம் தவறுகிற இடங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட இடங்களே. தமிழை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவதால் வருகிறவை. “அதைப் பற்றி விவாதித்தார்கள்” என்பது நம் வழக்கம். உடனே ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே ‘டிஸ்கஸ்ட்’ என்பதே போதும், ‘அபௌட்’ தண்டம். “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்பதை ‘ஐ ஆம் ஹேவிங்’ என்கிறோம். ‘ஐ ஹாவ்’ என்றாலே முடிந்தது. ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற மூன்றும் தமிழில் இல்லவே இல்லை. ஆகையால் அவைகளை நாம் போட மறக்கிறோம், அல்லது கண்ட இடத்தில் தூவுகிறோம். வேறு சில இடங்களில் தமிழே காப்பாற்றும். ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ என்று எழுதுகிறவர் “என் நண்பர்களில் ஒருவன்” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தால் ‘ஃபிரண்ட்ஸ்’ என்று பன்மை வர வேண்டியது தானே தெரியும். அந்த ‘ஒருவன்’ என்பதைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் வினை ஒருமை என்பதும் தெரியும். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இது அடிக்கடி வருகிற பொறி. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தவறிய கேள்வியை மட்டும் எழுதி, ஏன் தவறியது என்று பக்கத்தில் தமிழிலேயே குறித்து வாருங்கள். ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் செய்து வருகிறோம் என்பது கொஞ்ச நாளில் விளங்கும்.

பத்தி படித்துப் பதில் சொல்வது வேறு மாதிரி. அதற்கு இலக்கணத்தைவிட நாணயம் வேண்டும். இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “2023 டிசம்பரில் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் அது படிந்துவிட்டதால் மீனவர் தொழிலுக்குப் போக முடியவில்லை.” கேள்வி: மீனவர் ஏன் போகவில்லை? ஒரு பதில், வலையில் எண்ணெய் படிந்ததால். இன்னொன்று, பிடித்தாலும் மீனை வாங்க ஆள் இல்லாததால். நம் ஊர்ப் பையனுக்கு இரண்டாவதன்மேல் கை போகும். அவன் வீட்டிலே அந்தக் கஷ்டத்தைப் பார்த்தவன். ஆனால் பத்தியில் அது எங்கே இருக்கிறது? இல்லை. ஊருக்கு உண்மை, பத்திக்கு உண்மையல்ல. உங்கள் அறிவையும் ஆத்திரத்தையும் வெளியே வைத்துவிட்டு, “எந்த வரியில் இருக்கிறது, காட்டு” என்று ஒவ்வொரு பதிலையும் கேளுங்கள். வரியைக் காட்ட முடியாத பதிலை, அது எவ்வளவு நல்லதாயிருந்தாலும், அடியுங்கள். ‘எப்போதும்’, ‘ஒருவரும்’, ‘மாத்திரமே’ என்று அடித்துச் சொல்லுகிற பதில்களைச் சந்தேகியுங்கள்; பத்தி அவ்வளவு தூரம் சொல்லியிருப்பது அபூர்வம். கேள்வியை முதலில் பார்த்துவிட்டுப் பத்திக்குப் போனால் தேடவேண்டியது என்னவென்று தெரியும். தெரியாத வார்த்தை வந்தால் அங்கேயே நின்று விடாமல் முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைக் கேளுங்கள். பாதி அர்த்தம் அது சொல்லிவிடும், பாதி அர்த்தமே பதிலுக்குப் போதும்.

கடைசியாக அதிர்ஷ்டத்தைப் பற்றி. கண்ணை மூடிக்கொண்டு குறிக்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். கணக்குப் போடுங்கள். பாங்குப் பரீட்சையில் கேள்விக்கு ஐந்து பதில். சரிக்கு 1 மார்க்கு, தப்புக்குக் கால் மார்க்கு வெட்டு. 100 கேள்வியைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி 20 சரி, 80 தப்பு. வந்தது 20, போனது 20. மிச்சம் பூஜ்யம். ஆனால் ஐந்தில் இரண்டை “இது நிச்சயமாக இல்லை” என்று அடித்துவிட்டால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பதில் 30 கேள்விக்கு 10 சரி, 20 தப்பு. வந்தது 10, போனது 5. அந்த 5 மார்க்கு எந்த ஜோசியரும் கொடுத்ததல்ல, தப்பை அடித்ததற்குக் கிடைத்த கூலி. எதையுமே அடிக்க முடியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 30 கேள்விக்கு 20 நிமிஷம் என்றால் ஒன்றுக்கு 40 வினாடி. அதிலேதான் பத்தி படிக்கிற நேரமும் அடக்கம்.

நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. செய்து பார்த்து, சரிப்படாவிட்டால் தள்ளிவிடுங்கள். இன்றைக்கு ஒரு தாள் கொண்டு வந்திருக்கிறேன், அதில் இரண்டு பத்தியும் பிழை காணும் வாக்கியங்களும் இருக்கின்றன. பெண்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஆகையால் முதல் வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு போகிறேன். யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பாருங்கள்.