உயிரோடு பிடிப்போம்

(பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 5:1-11)



இன்றைய நற்செய்தி நம்மைக் கெனசரேத்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது. இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீனும் அகப்படாமல், சோர்ந்துபோய் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் பேதுருவும் அவர் கூட்டாளிகளும். ஆண்டவரின் சொல்லை நம்பி மறுபடியும் வலையை இறக்கினார்கள். வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்தது. அதைக் கண்டு நடுங்கிய பேதுருவிடம் இயேசு, இனிமேல் அவர் பிடிக்கப்போவது மனிதரை என்று அறிவித்தார்.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். பிடிபட்ட மீன் என்ன ஆகிறது? சந்தைக்குப் போகிறது, குழம்புச் சட்டிக்குப் போகிறது. அப்படியானால் மனிதரைப் பிடிப்பது எப்படி நற்செய்தியாகும்? லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லில் பதில் இருக்கிறது. அவர் எழுதியது ‘சோக்ரோன்’ என்ற சொல். ‘உயிரோடு பிடிப்பவர்’ என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், எரிகோ நகரத்து இராகாபு தன் தந்தையின் வீட்டாரைக் கொல்லாமல் உயிரோடு விடும்படி மன்றாடுகிற இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. ஆக, பேதுருவுக்குத் தரப்பட்டது சாகடிக்கும் வேலை அல்ல, உயிர் காக்கும் வேலை.

மீனைப் பிடித்து, அதை உயிரோடு விடுகிறவர்கள் உண்டா? உண்டு. நம் தமிழ்நாட்டு மலைகளிலேயே அப்படி ஒரு வழக்கம் தெரியும். நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கத்து ஓடைகளிலும் அணைகளிலும் டிரவுட் என்ற மீன் வாழ்கிறது. குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் அது பிழைக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் கடல்கடந்து வந்த மீன் அது. முதல் முயற்சிகள் தோற்றன. ஆனாலும் விடவில்லை, 1907இல் அவலாஞ்சியில் அதற்கென்று ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இந்த மீனைப் பிடிக்கும் முறைக்கு ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று பெயர். சின்னஞ்சிறு தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஒரு பூச்சி போலவே செய்து, தண்ணீர்மேல் மெல்ல விழச்செய்வார்கள். இது பழைய கலை. கி.பி. 200 அளவில் ஏலியன் என்ற எழுத்தாளர், மக்கதோனியா நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி ஆற்றில் மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கலையைக் கற்கிறவர்களிடம் நாமும் கற்க வேண்டியவை உண்டு.

முதலாவது, பயிற்சி. நாம் ஏரியில் போடும் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கிறது. அதன் கனத்தால் முள் தூரம் போய் விழும். இறகுப் பூச்சிக்குக் கனமே கிடையாது. எனவே கனமான ஒரு கயிற்றைத்தான் வீச வேண்டும். பூச்சி அதன் பின்னால் போகும். அதற்கு ஆற்றுக்குப் போகுமுன் புல்வெளியில் நின்று பழகுகிறார்கள். முள் இருக்காது, நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூல் மட்டும் இருக்கும். கோலைப் பின்னுக்கு இழுத்ததும், கயிறு முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீளும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் வீசினால் கயிறு காலடியிலேயே சுருண்டு விழும். வலிமையைவிடப் பொறுமைதான் அங்கே முக்கியம். நம் செபமும் இப்படித்தான். ஒரு மீனும் இல்லாத புல்வெளியில் நின்று வீசிப் பழகுவது போன்றதுதான் தினமும் சொல்லும் செபமாலை. பலன் தெரியாத நாள்களில் பழகிய கைதான் சோதனை நாளில் உதவும். அந்த ஒரு நொடிப் பொறுமையைப் பிள்ளைகளைக் கண்டிக்கும்போதும் கடைப்பிடித்தால் எத்தனை வீடுகளில் அமைதி இருக்கும்!

இரண்டாவது, பயணம். டிரவுட் மீன் நம் ஊருக்கு வராது. அதைத் தேடுகிறவர் காஷ்மீரின் ஓடைகளுக்கும், இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கும் போகிறார். போனதும் தூண்டிலை எடுப்பதில்லை. கரையில் நின்று பார்க்கிறார். நீரோட்டம் எப்படி, மேலே என்ன பூச்சி பறக்கிறது, மீன் எங்கே எழும்புகிறது என்று கவனிக்கிறார். தன் நிழல்கூடத் தண்ணீரில் விழாமல் நடக்கிறார். இயேசுவும் பேதுருவைத் தொழுகைக்கூடத்துக்கு வரச்சொல்லவில்லை. வலை அலசும் கரைக்கே போனார். நம் கம்மாபுரம் பகுதியில் நைட் ஷிப்டு முடித்து ஞாயிறு காலை கண் எரியத் திரும்பும் தொழிலாளி எத்தனை பேர்! ‘அவர் கோயிலுக்கே வருவதில்லை’ என்று சொல்வது எளிது. அவர் இருக்கும் கரைக்கு நாம் போனோமா?

ஆனால் சகோதரர்களே, ஓரிடத்தில் நாம் இந்தக் கலையை விட்டு விலகியாக வேண்டும். அந்தப் பூச்சி பொய்ப் பூச்சி. மீனை ஏமாற்றத்தான் அது செய்யப்பட்டது.

நம் ஏரிகளில் விரால் பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். சிவந்த குஞ்சுகள் கூட்டமாய் மேலே மிதந்து வர, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் ஒரு தவளையைப் போட்டால் போதும். இப்போது ரப்பர் தவளையே கடையில் கிடைக்கிறது. பசி இல்லாவிட்டாலும் விரால் பாய்ந்து கவ்வும். குஞ்சைக் காக்கத்தான் கவ்வுகிறது. பெரியது பிடிபட்ட பிறகு குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அதனால்தான் குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடாதே என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

மனிதருக்கும் இப்படித் தூண்டில் போடுகிறார்கள். மகன் டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறான். ஒருவர் வருகிறார், வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு, கையில் முத்திரை குத்திய தாள். ‘நிரந்தர வேலை, பெரிய இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும்’ என்கிறார். அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. இருந்த அரைக்காணி கைமாறுகிறது. பேராசையால் அந்தப் பெற்றோர் ஏமாறவில்லை, பாசத்தால் ஏமாந்தார்கள். குஞ்சைக் காக்கப் பாய்ந்த விரால் போல.

‘உயிரோடு பிடித்தல்’ என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று பேதுருவுக்குச் சொன்னது. மற்றொன்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில். அங்கே அது அலகையின் கண்ணியில் சிக்கியவர்களைப் பற்றியது. அலகையும் உயிரோடுதான் பிடிக்கிறது! பிடித்தபின் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஆண்டவரோ விடுதலை தருகிறார். நம் பங்கும் அன்பியங்களும் எந்தப் பக்கம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பரிசையும் பிரியாணியையும் காட்டி இளைஞரைக் கூட்டினால் அதுவும் இறகுப் பூச்சிதான். பேதுருவை இயேசு ஏமாற்றி அழைக்கவில்லை. படகு நிறைய மீனைக் கரையிலேயே விட்டுவரும் பாதை என்பதை அன்றே அவருக்குத் தெரிய வைத்தார்.

கடைசியாக ஒன்று. பிடித்த டிரவுட்டை விடுகிறவர்கள் அதைத் தொடுமுன் தங்கள் கையை நனைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழுவழுப்பான படலம் உரிந்துவிடும். பிறகு நோய் பற்றும். முள்ளை மெல்லக் கழற்றி, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, அது தானாகத் துள்ளிப் போகும்வரை தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடிக்கிறார்கள். தூக்கி எறிவதில்லை.

பணத்தை இழந்தவன், குடிக்கு அடிமையானவன், கடனில் மூழ்கியவன் திரும்பி வரும்போது நம் கை எப்படி இருக்கிறது? ‘அப்போதே சொன்னேனே’ என்பது உலர்ந்த கை. அது முள்ளைவிட ஆழமாகக் காயப்படுத்தும். கையை நனைத்துக்கொள்ளுங்கள், கண்ணீரால் நனைந்தாலும் சரி. முறையான அறிவிப்பும் தேர்வும் இல்லாமல், தனி ஆள் கையில் பணம் கேட்கும் வேலை எதுவாக இருந்தாலும், கொடுக்குமுன் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கொடுத்துவிட்டீர்களா? அப்போதும் வாருங்கள். வெட்கப்பட்டு உள்ளுக்குள்ளே புழுங்கி, தவறான முடிவுக்குப் போக வேண்டாம். மூச்சு திரும்பும்வரை தாங்கிப் பிடிக்க இந்தத் திருச்சபைக்குக் கைகள் இருக்கின்றன.

மன்றாடுவோம்: ஆண்டவரே, வெறும் வலையோடு கரையில் நின்றவர்களைத் தேடி வந்தவரே, பொய்த் தூண்டில்களிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். சிக்கியவர்களை விடுவிக்க எங்களுக்குப் பொறுமையும் மென்மையான கைகளும் தாரும். மனிதரை உயிரோடு பிடித்து, உயிரோடு விட எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.